மணப்பெண்ணை விடுங்கள், மேடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் நாகர்கோவில் பெரியவர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. கல்யாண மண்டபங்களில் சேரும் குப்பையைப் பார்த்து மனம் நொந்து எழுதியிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் முடிக்கும்போது, பெண்கள் மேக்கப், நகை, பட்டு என்ற மோகத்தை விட்டு எளிமைக்குத் திரும்பினால் இயற்கை தானே பிழைத்துக்கொள்ளும் என்று எழுதிவிட்டார். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டியே தீரவேண்டுமென்றால் என் புலம்பலை வெட்டுங்கள், விவரங்களில் கை வைக்காதீர்கள்.

நான் தக்கலையில் இருந்துகொண்டு மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். குளச்சல், திங்கள்நகர், மார்த்தாண்டம், அருமனை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க என் பெட்டி போய்வந்திருக்கிறது. கோயில் கல்யாணம், சர்ச் கல்யாணம், திட்டுவிளைப் பக்கத்து நிக்காஹ், எல்லாவற்றுக்கும் போவேன். பெண் வீட்டார் மேடையில் ஏறும்போது நான் பின்வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பேன். குப்பையும் அதே பின்வாசல் வழியாகத்தான் வெளியே போகும். அதனால் எது எங்கிருந்து வருகிறது என்று பெரியவரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

முதலில் பேப்பர் ஷாட். மாப்பிள்ளையும் பெண்ணும் ரிசப்ஷனுக்கு உள்ளே நுழையும்போது நான்கு பையன்கள் ஆளுக்கொரு குழாயைத் திருகுவார்கள். 'டப்'பென்று வெடித்து மின்னும் துண்டுகள் மழையாகக் கொட்டும். பேர்தான் பேப்பர். கையில் எடுத்துக் கிழித்துப் பாருங்கள், கிழியாது, இழுபடும். அது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாள். போட்டோக்காரருக்கு முதல் தடவை சரியாக விழவில்லையென்றால் இன்னொரு ரவுண்டு உண்டு. இரவு பெண்ணின் கொண்டையைப் பிரிக்கும்போது ஒவ்வொரு யூ பின்னுக்கும் நடுவில் இரண்டு மூன்று துண்டு ஒளிந்திருக்கும். புடவைக் கொசுவத்தில் இருக்கும், என் செருப்பின் அடியில் இருக்கும். மண்டபத்தில் கூட்டுகிற அக்காவின் துடைப்பத்துக்கு அது சிக்காது. தரையோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஓஸைப் போட்டு வாசலுக்குத் தள்ளிவிடுவார்கள். வாசலுக்கு வெளியே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சானல், சானல் தண்ணீர் போகிற இடம் வயல். நாஞ்சில் நாட்டில் மிச்சமிருக்கும் வயலே கொஞ்சம்தான், அதன் வரப்புச் சேற்றிலும் இப்போது தங்க நிறத் துண்டுகள் மின்னுகின்றன. மணப்பெண் கண் இமையில் நான் தொட்டு வைக்கும் மினுக்குத்தூள் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

அடுத்தது மேடை. தெர்மாகோலில் மயில், தெர்மாகோலில் இரண்டு பேருடைய பெயர், நடுவில் இதயம். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்தக்கூடாது என்று 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சி, கல்யாணக் கார்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இவையும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். கார்டைக் கையில் வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-இல் தடை வந்தது. அதற்குப் பல ஆண்டு முன்பே பிளாஸ்டிக் பையை நிறுத்திக் காட்டிய மாவட்டம் நம்முடையது. மற்ற ஊரிலிருந்து வந்தவர்கள் கடைக்காரர் பை தரவில்லை என்று சண்டை போட்டதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெருமை மண்டப வாசலோடு நின்றுவிட்டது.

நிஜப் பூ வைத்த மேடை என்றால் சரி என்று நினைத்துவிட வேண்டாம். பூவின் காம்பைச் செருகப் பச்சை நிறத்தில் ஒரு ஸ்பாஞ்ச் கட்டி வைப்பார்கள். தண்ணீரில் முக்கினால் கனக்கும், விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். அதுவும் பிளாஸ்டிக் வகைதான். மக்காது, உதிர்ந்து உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாகிப் போகும். பந்தல் அலங்காரம் செய்கிற நம்மூர்ப் பழைய ஆட்கள் இதற்கு வாழைத்தடையைத்தான் (வாழைத்தண்டு) வைப்பார்கள். தடையில் தண்ணீர் ஊறி நிற்கும், ஈர்க்கில் கோத்த பூவை அப்படியே குத்தலாம், ஒருநாள் முழுக்க வாடாது. குலை வெட்டிய வாழை எப்படியும் வெட்டிப் போடுகிற சாமான்தானே? மட்டியும் செந்துளுவனும் நேந்திரனும் விளைகிற மாவட்டத்தில் காசு கொடுத்துப் பிளாஸ்டிக் கட்டி வாங்குகிறோம். ஒன்று சொல்லவேண்டும்: வாடகைக்கு விடுகிற துணிப்பூச் சுவரை நான் குறை சொல்லமாட்டேன். தூசி தட்டித் தட்டிப் பல கல்யாணம் பார்த்துவிடும். ஒரு நாளுக்கென்று செய்து மறுநாள் கொளுத்துகிற சாமான்தான் என் கண்ணை உறுத்துகிறது. கொளுத்தும்போது வருகிற அந்தக் கறுப்புப் புகையை மண்டபத்துக்குப் பின்னால் குடியிருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது எளிமைக்கு வருகிறேன். வேறு மாவட்டத்துக்காரர் எழுதியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணில் இருந்துகொண்டு பெண்ணிடம் 'உன் சிங்காரத்தைக் குறை' என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? 1822-இல் தொடங்கி 1859 வரை இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சீலை போட்டதற்காக அடிபட்டார்கள், சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், வீடுகள் எரிந்தன. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து ஆணை போட்டபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு வாலைச் சேர்த்துத்தான் போட்டது. பொன் நகைக்கும் தடை இருந்தது. அந்தப் பெண்களுக்கு எளிமை என்பது சர்க்கார் உத்தரவு. 2023-இல் நாகர்கோவிலில் அந்தப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவை இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்து நடத்திவிட்டுப் போனார்கள். என் அம்மாவின் பாட்டி காது தோளைத் தொட பாம்படம் போட்டுக்கொண்டு நடந்தார் என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அந்தக் காதைப் பார்த்து 'மோகம்' என்று நான் சொல்லமாட்டேன்.

அதற்காக, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, போடு, எறி என்று சொல்லவில்லை. கண்ணைப் பறிக்கிற மாதிரியும் இருக்கலாம், மண்ணைக் கெடுக்காமலும் இருக்கலாம். நம் மாவட்டத்தில் அதற்கு வேண்டிய சாமான் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

பூவை எடுத்துக்கொள்ளுங்கள். தோவாளைச் சந்தைக்கு விடியுமுன் போகவேண்டும். மலைக்காற்று வீசும், தூக்கம் கலையாது, ஆனால் பிச்சியும் மல்லியும் கொழுந்தும் கலந்து அடிக்கிற அந்த வாசத்துக்கு நான் வேறு எந்த ஊர் செண்டையும் ஈடு சொல்லமாட்டேன். ரோஜா ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வரும். பிச்சி நம்மைச் சுற்றியுள்ள தோட்டத்திலேயே உண்டு. பிச்சியை மொட்டாகப் பறித்து, மொட்டாகவே கட்டிவிட வேண்டும். காலை முகூர்த்தத்துக்குத் தலையில் வைக்கும்போது இளஞ்சிவப்புக் காம்போடு இறுக்கமாக, ஒழுங்காக நிற்கும். சாயங்காலம் தலையிலேயே விரியும். அதாவது, அதே பூ காலையில் ஒரு அலங்காரம், மாலையில் இன்னொரு அலங்காரம். இந்த வித்தை எந்தத் துணிப்பூவுக்கும் வராது.

அப்புறம் ஏன் பெண்கள் துணி மல்லிகையும் பிளாஸ்டிக் வேணியும் கேட்கிறார்கள்? நாகரிகம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. தை, ஆவணி முகூர்த்தத்தில், அதுவும் ஓணச் சமயம் என்றால், பூ விலை எங்கேயோ போய் நிற்கும். கேரளத்து வண்டிகள் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போய்விடும். ஏழைப்பட்ட வீட்டில் அன்றைக்குத் தலை நிறையப் பூ வைப்பது நடக்கிற காரியமா? அந்த மாதிரி வீட்டுக்கு நான் சொல்கிற வழி, ஜடை முழுக்கப் பிச்சி கட்டாமல் கொண்டையைச் சுற்றி ஒரே ஒரு வட்டம் பிச்சி, இடையிடையே கொழுந்து, கீழே நீள ஜடைக்கு வெள்ளை அரளி. அரளி விலை குறைவு, வாசம் கிடையாது, ஆனால் பால் மாதிரி பளிச்சென்று இருக்கும்.

அரளி என்று அலட்சியமாக நினைப்பவர்கள் தோவாளை மாணிக்கமாலையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. இவ்வளவுதான் சரக்கு. ஒவ்வொரு இதழையும் மடித்து மடித்துப் பட்டையாகக் கட்டுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த பட்டை என்றே தோன்றும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குப் போன மாலையைப் பார்த்து மகாராஜா மாணிக்கம் என்றாராம், அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வி.ஐ.பி. வந்தால் கழுத்தில் போட்டுப் படமெடுத்துக்கொள்கிறோம். நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே பின்னலில் ஒரு ஒட்டியாணம் கட்டிக் கேட்டுப் பாருங்கள். திங்கள்நகர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு அப்படிக் கட்டச் சொல்லி, வெள்ளைக் கரைப் புடவை மேல் இடுப்பில் பூட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர் கல் நகை என்றே நினைத்துக் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். மறுநாள் தென்னைமூட்டில் போட்டாயிற்று. (கட்டிய நார் மட்டும் வாழைநாராக இருக்கவேண்டும். இப்போது நைலான் நூலில் கட்டித் தருகிறார்கள், அதனால் வாழைநார்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.)

நகைக்கு நாகர்கோவில் வடசேரி போதும். கோயில் நகை என்று பரதநாட்டியக்காரர்கள் உலகம் முழுக்கப் போடுகிறார்களே, அந்த நெத்திச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம் எல்லாம் இங்கே கைவேலையில் பிறந்தவை. வெள்ளியில் அடித்து, சிவப்புக் கெம்பும் பச்சைக் கல்லும் பதித்து, தங்க ரேக்கு வைத்துச் செய்வது மரபு. புவிசார் குறியீடு பெற்ற வேலை. விலை அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் என்னிடம் இருக்கிற செட்டை வாடகைக்கு விடுகிறேன். ஒரே மாங்காய் மாலையை அக்காள் போட்டாள், வருஷங்கள் கழித்துத் தங்கை போட்டாள், நடுவில் எத்தனையோ பேர் போட்டார்கள். கல் விழுந்தால் ஆசாரியிடம் கொடுத்துப் பதித்துக்கொள்ளலாம், மங்கினால் மெருகு போடலாம். ஆன்லைனில் வருகிற இமிடேஷன் செட் ஒரு வேர்வைக்கே கறுக்கும். அதைப் பழைய இரும்புக்காரர்கூட வாங்கமாட்டார்.

முதலில் அம்மாமார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேற ஆளு போட்ட நகையா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்று கேட்பார்கள். "கோயில்ல அம்மனுக்குப் போடுத நகையும் தெனமும் புதுசா செய்யுதாவளா, அம்மா?" என்று ஒரு பெண்ணே என் முன்னால் திருப்பிக் கேட்டாள். அம்மா சிரித்துவிட்டார். அந்தக் கேள்வியை இப்போது நான் எல்லா வீட்டிலும் இரவல் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டுப்புடவை பற்றி ஒரு விஷயம். "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் புடவையைத் தொட்டவுடன் முந்தானையைப் பிரித்துச் சரிகையைத்தான் பார்ப்பார்கள். பழைய சரிகையில் வெள்ளி உண்டு. கிழிந்த புடவைக்கும் விலை கிடைக்கும். இன்றைக்கு வருகிற பளபளப்பான புடவைகளில் பலவற்றில் இருப்பது பாலியெஸ்டர் தாளில் உலோகம் பூசிய பிளாஸ்டிக் சரிகை. கூவிக்கொண்டு வருகிறவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். எந்தப் புடவை குப்பை, எது சொத்து என்று அவருடைய விரல் சொல்லிவிடும். நான் பெண்களிடம் சொல்வது: அம்மாவின் முகூர்த்தப்பட்டை எடு, ரவிக்கையை மட்டும் புதுசாகத் தை. கை நிறைய ஆரி வேலை போட்டுக்கொள், முதுகில் மயில் வேண்டுமானாலும் தைத்துக்கொள், யார் வேண்டாம் என்றார்கள்? போட்டோவில் கண் போகிற இடம் ரவிக்கைதான். அம்மாவின் பட்டுக்கு இருக்கிற அந்த அரக்குச் சிவப்பும் இப்போது கடையில் கிடைக்காது.

சர்ச் கல்யாணத்துக்கு கவுன் கேட்கிறார்கள். அடுக்கடுக்கான பாலியெஸ்டர் வலை, தரையில் இழுபடும் தலைமுக்காடு. ஒரு காலை போட்டுவிட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டால் பிறகு யாரும் தொடமாட்டார்கள். நாகர்கோவில் லேஸ் என்று ஒன்று இருந்ததே, அதை நாம் ஏன் மறந்தோம்? லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மால்ட் அம்மையார் இங்கே வந்த புதிதில், 1820-களின் தொடக்கத்திலேயே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பது நம் ஊர்ச் சரித்திரம். வெள்ளைப் பருத்திப் புடவையில் கைலேஸ் வைத்த முந்தானையும், அதே லேஸில் தலைமுக்காடும் போட்டு ஒரு பெண்ணை ஆல்டருக்கு அனுப்பிப் பாருங்கள். இரவல் கவுன் எதுவும் கிட்டே நிற்காது.

இனி என் சொந்தத் தொழிலுக்கு, முகத்துக்கு வருகிறேன். இங்கேதான் பெரியவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. மேக்கப் பெட்டியிலும் குப்பை உண்டு. மினுக்குத்தூளில் பாதி நுண்ணிய பிளாஸ்டிக். உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் கிளிட்டருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது. முகத்திலும் உதட்டிலும் பூசும் மேக்கப்புக்கு மட்டும் 2035 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. எனக்கு அந்த அவகாசம் தேவைப்படவில்லை. அபிரகத்தூள் கலந்த ஐ ஷேடோவே விளக்கு வெளிச்சத்தில் போதுமான அளவு மின்னும். சரி, அபிரகம் சுத்தமா என்றால், அதிலும் கதை இருக்கிறது. ஜார்க்கண்ட் சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் பொறுக்குகிற அபிரகம் என்று படித்தபிறகு, செயற்கை அபிரகம் என்று மேலட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். முழுச் சுத்தம் என்று எதுவும் இல்லை. கூடியவரை பார்க்கலாம்.

மணவாளக்குறிச்சி மணலில் எடுக்கிற இல்மனைட் இருக்கிறதே, அதிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி தயாராகிறது. பெயின்ட்டுக்குத்தான் பெரும்பங்கு போகிறது என்றாலும், சன் ஸ்கிரீன், பவுடர், ஃபவுண்டேஷன் எல்லாவற்றிலும் அது உண்டு. கிள்ளியூர்ப் பக்கம் மணல் எடுக்க வேண்டாம் என்று மக்கள் போராடுகிறார்கள். அதே மண்ணின் வெள்ளையை நான் பிரஷ்ஷால் தொட்டு வைக்கிறேன். ஆகையால் அழகுக்கும் பூமிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பெண்ணின் நிறத்துக்கு நான்கு படி மேலே வெளுப்பாக அப்பினால் ஃபவுண்டேஷன் இரண்டு மடங்கு போகும். அவள் நிறத்துக்கே பொருத்தினால் பட்டாணி அளவு போதும், கழுத்தும் முகமும் வெவ்வேறு ஆளுடையதாகத் தெரியாது. நம்மூர் மாநிறத்துக்கு அரக்குச் சிவப்பு லிப்ஸ்டிக்கும் அழுத்தமான கண்மையும் போட்டால் அள்ளிக்கொண்டு போகும்.

வெளுப்பு என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. பெயர், முகவரி எதுவும் சரியாக இல்லாத சிவப்பழகு க்ரீம்களைக் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே தடவ ஆரம்பித்துவிடுகிறார்கள். பல க்ரீம்களில் பாதரசம் இருக்கும். அது தோலில் கருநிறம் ஊறுவதைத் தடுக்கும், அதனால் சீக்கிரம் வெளுக்கும். நிறுத்தினால் முன்னைவிடக் கறுக்கும். 2023-இல் கேரளத்து மலப்புறத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்து, அது பெரிய செய்தியானது. முகம் கழுவுகிற தண்ணீரோடு பாதரசமும் ஓடைக்குத்தான் போகும். கடலுக்குப் போன பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும் என்று ஜப்பானின் மினமாட்டா ஊர் உலகத்துக்கே காட்டியது. நெய்மீனும் சூரையும் இல்லாமல் சோறு இறங்காத நாம் இதை யாரோ ஊர்ப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. என்னிடம் வருகிற பெண் அந்த டப்பாவைக் காட்டினால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுவேன், டாக்டரிடம் போகச் சொல்லுவேன், அப்புறம்தான் அட்வான்ஸ் வாங்குவேன்.

இதைக் கேட்டவுடன் எல்லாவற்றையும் அடுப்பங்கரையிலிருந்து எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு குமரி வெயிலில் போனால் தோல் புண்ணாகி, திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகும். விளக்குக் கரியில் ஆமணக்கெண்ணெய் குழைத்த வீட்டு மை அருமையான சாமான்தான், சாதாரண நாளில் நானே போட்டுக்கொள்கிறேன். மணப்பெண்ணுக்குப் போடமாட்டேன். தாலி ஏறும்போது அழுவாள், கன்னம் முழுக்க மை இறங்கும். அதற்கு வாட்டர்புரூப் காஜல்தான். மைலாஞ்சிக்கு மருதாணி இலையை அரைத்து, தேயிலைச் சாயத்தில் குழைத்து வைத்தால் மறுநாள் காலையில் செக்கச் செவேல் என்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கோனை மட்டும் வேண்டாம் என்பேன். அதில் தலைச்சாயத்து ரசாயனம் கலந்திருக்கும், கை வெந்து கொப்புளமானவர்கள் உண்டு.

ராத்திரி மேக்கப் கலைக்கிற வேலை இருக்கிறதே, அதை யாரும் படம் எடுக்கமாட்டார்கள். எல்லாரும் ஈரத் துடைப்பான் பாக்கெட்டைப் பிரித்து ஒன்று, இரண்டு, பத்து என்று உருவுவார்கள். பெரும்பாலும் அதுவும் பாலியெஸ்டர் கலந்த துணிதான், மக்காது. நான் பழைய பருத்தி வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து, ஒரு டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோவேன். கூட ஒரு சின்னக் குப்பி தேங்காய்ப்பால் உருக்கெண்ணெய். உள்ளங்கையில் நான்கு சொட்டு விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, மூடிய கண்ணின் மேல் அப்படியே வைத்து, மனதுக்குள் மெதுவாக இருபது எண்ணவேண்டும். தேய்க்கக்கூடாது. வாட்டர்புரூப் என்றால் மெழுகும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தது, தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு உடனே இளகும். பிறகு துணியை மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு. மை, மஸ்காரா, ஷேடோ எல்லாம் கறுப்பும் தங்கமுமாகத் துணியில் வந்துவிடும், இமை முடி ஒன்றுகூட உதிராது. துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் அடுத்த கல்யாணத்துக்கு ரெடி.

பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு அடுத்த முறை போகும்போது பெண்ணின் கழுத்தைப் பார்க்குமுன் மேடையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அந்த மயிலையும் பேப்பர் ஷாட்டையும் ஏற்பாடு செய்தது பெண் இல்லை. பெரும்பாலும் மாமாவும் அண்ணன்மாரும் அவர்களுடைய நண்பர்களும்தான். பெண்ணைக் கேட்டிருந்தால் பூ கேட்டிருப்பாள். அண்மையில் குளச்சல் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னது இது: "அக்கா, பிளாஸ்டிக் ஒண்ணும் வேண்டாம். ஆனா தலை நெறைய இருக்கணும், நடந்தா ஜிமிக்கி ஆடணும், எல்லாவனும் திரும்பிப் பாக்கணும்."

மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் பத்திரிகை மூலமாகச் சில விஷயங்கள் போகவேண்டும். பிளாஸ்டிக் சோதனைக்கு வருகிற அதிகாரிகள் சந்தையில் பூக்காரி வைத்திருக்கும் பையைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்துக்குள் வந்து தெர்மாகோல் மேடைக்கு அபராதம் போட்டதை நான் இதுவரை பார்த்ததில்லை. பேப்பர் ஷாட்டுக்கு மாவட்ட அளவில் தடை வரவேண்டும். மண்டபம் பதிவு செய்கிற ரசீதிலேயே தெர்மாகோல், பேப்பர் ஷாட், பச்சை ஸ்பாஞ்ச் கூடாது என்று அச்சிட்டு, முன்பணத்திலிருந்து பிடித்தால் ஒரே சீசனில் நின்றுவிடும். பூவையும் வாழையிலையையும் தனியாகக் கொட்ட ஒரு தொட்டி வைத்தால் உள்ளாட்சி உரக்கிடங்குக்கு நேராகப் போகும், இப்போது பாயசக் கப்போடு சேர்ந்து நாறுகிறது. மாணிக்கமாலை கட்டுகிறவர்களும் வடசேரி ஆசாரிமார்களும் லேஸ் பின்னுகிறவர்களும் ஒரே இடத்தில் கல்யாணச் சாமான் விற்கவும் வாடகைக்குக் கொடுக்கவும் நாகர்கோவிலில் ஒரு கடை ஒதுக்கித் தந்தால், ஆன்லைன் செட்டைத் தேடிப் போகிற பெண்கள் பாதிப் பேராவது அங்கே வருவார்கள். நான் என் ஆட்களை அங்கேதான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரம் செய்யும் வாசகி,
தக்கலை.